முப்பத்திரண்டுக்குக் கீழே

கருவள மையத்தின் காத்திருப்பறையில் இருந்த நாற்காலிகள் அத்தனைக்கும் இரும்புக் கைப்பிடி இருந்தது. லோசேலி உள்ளே வந்ததும் முதலில் கவனித்தது அதைத்தான். அவள் ஒட்டாஹூஹு என்ற புறநகரிலிருந்து விமான நிலையம் போகும் பேருந்தை ஓட்டுகிறவள். குடித்துவிட்டு ஏறி வம்பு செய்கிறவனை ஒரே பார்வையில் இறக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போகவில்லை. உட்கார்ந்துவிட்டு எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்துவிடுமோ என்று பயம். சுவரோரமாகப் போய் நின்றாள். அங்கே ஏற்கெனவே மூன்று பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன.

"உக்காரேன்" என்றான் ஃபிலிமோனே, அவள் கணவன். கான்கிரீட் போடுகிற வேலை செய்பவன். அவளைவிட அகலம்.

"நீ முதல்ல உக்காரு பாப்போம்."

"எனக்கு நிக்கறதுதான் பழக்கம்."

இருவரும் நின்றார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை தங்குவதுபோல் வந்து கலைந்தது. குழாய்கள் அடைத்திருக்கின்றன, முட்டைகளும் குறைந்துகொண்டு வருகின்றன, வெளியே கரு உண்டாக்கி உள்ளே வைப்பதுதான் வழி, சீக்கிரம் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார் குடும்ப மருத்துவர். சொந்தச் செலவில் செய்துகொள்ள வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் வாசல் இந்த மையம்.

வாசலுக்கு இரண்டு எண்கள் இருந்தன. முப்பத்திரண்டு, நாற்பது. முதல் எண் உடம்புக்கு. எடையை உயரத்தால் வகுத்து, மறுபடியும் உயரத்தால் வகுத்தால் வருகிற பி.எம்.ஐ. முப்பத்திரண்டுக்குக் கீழே இருக்கவேண்டும். இரண்டாவது வயதுக்கு. பெண் நாற்பதைத் தொட்டுவிட்டால் வாசல் மூடிவிடும். லோசேலி முதல் எண்ணுக்கு மேலே ரொம்ப தூரம் இருந்தாள். இரண்டாவதற்கு மிகவும் பக்கத்தில் இருந்தாள்.

சிகிச்சைக்கு முன் பெண்களை எடை குறைக்கவைக்கும் தயார்நிலைப் பிரிவுக்குத் தலைவர் திரு. அலஸ்டர் பிம். ஒல்லியான மனிதர். டோங்கா நாட்டுக்காரர்கள் வந்தால் அவர்கள் மொழியிலேயே வணக்கம் சொல்லவேண்டும் என்று ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டிருந்தார். "மாலோ எ லேலே, லோஸ்லி" என்றார். வணக்கமும் தப்பு, பெயரும் தப்பு. இருவரும் சிரித்துவைத்தார்கள்.

"நாங்க யாரையும் வேண்டாம்னு சொல்றதே இல்ல" என்றார் பிம். "‘இன்னும் இல்ல’ன்னுதான் சொல்றோம். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. வேண்டாம்னு சொன்னா நீங்க புகார் கொடுக்கலாம்."

"எப்ப சார் சரின்னு சொல்லுவீங்க?"

"அது உங்க கையில இருக்கு. உங்க தட்டுலயும் இருக்கு." அவர் அதை ரசித்துச் சொன்னார். பல பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம் என்று தெரிந்தது.

லோசேலி எடைக்கருவியில் ஏறினாள். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஃபிலிமோனேயும் ஒரு காலை எடுத்து வைத்தான். நர்ஸ் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க இறங்குங்க. உங்க எடை எங்களுக்கு எதுக்கும் ஆகாது."

"குழந்தையில எனக்கும் பாதி பங்கு உண்டுல்ல?"

"ஆண்களுக்கு விதி போடல" என்றார் பிம். "போட்டா யாருமே மிஞ்ச மாட்டாங்கன்னு குழுவுல ஒரு கவலை இருந்துது."

சிகிச்சை செய்யும் மருத்துவர் ஹேசல் ரெட்ஃபர்ன் அவர்களைச் சற்று நேரம்தான் பார்த்தார். அறிக்கைகளைப் படித்தபோது அவர் நெற்றி சுருங்கியது. லோசேலி நேராகக் கேட்டாள்: "டாக்டர், என் உடம்பாலதான் குழந்தை நிக்கலையா?"

"உங்களுக்குக் குழாய் அடைச்சதுக்கும் எடைக்கும் சம்பந்தமில்ல. ஆனா எடை ஒண்ணுமே பண்ணாதுன்னும் நான் சொல்லமாட்டேன். மருந்து கொஞ்சம் கூட வேணும். மயக்கம் கொடுக்கறப்ப கவனமா இருக்கணும். கலையறதுக்கு வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. பிரசவத்துல சக்கரை, ரத்த அழுத்தம் பாக்கணும். அதெல்லாம் நிஜம்தான். ஆனா உங்க வயசுல, இவ்வளவு குறைஞ்ச முட்டையோட, ஒரு வருஷம் போச்சுன்னா வர்ற நஷ்டம் அதைவிடப் பெருசு. நானா இருந்தா எடைக்குப் பயப்படறதைவிட நாள்காட்டிக்குத்தான் பயப்படுவேன்."

"அப்ப இப்பவே ஆரம்பிக்கலாமே?"

ரெட்ஃபர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கதவு பிம்மோட கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்றார்.

வீட்டில் இருந்தவள் ஃபிலிமோனேயின் அப்பாவுடைய அக்கா, அனசேனி அத்தை. டோங்கா வீடுகளில் அத்தை சொன்னதற்கு மேல் பேச்சில்லை. அத்தை மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மெலியணுமா? மெலிஞ்சா சர்ச்சுல என்னைத்தான் பாப்பாங்க. அந்த வீட்டுல சோறு போடறதில்ல போலன்னு."

"டாக்டர் ஆபீஸ்ல சொல்றாங்க அத்தை."

"எங்கம்மா உன்னைவிட ரெண்டு மடங்கு. ஒன்பது பெத்தா. அவளை எந்த மெஷின்ல ஏத்துனாங்க?" சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் மறுநாள் லோசேலி தட்டில் பாதியை ஒதுக்கிவைத்தபோது அத்தை எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் லோசேலிக்குக் கூடுதல் பயத்தைக் கொடுத்தது. அத்தையும் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

தயார்நிலை வகுப்பு வாராவாரம் நடந்தது. பிம் பெண்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொருத்தியும் தன்னை ஒரு கடற்பறவையின் இறகாக நினைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். லோசேலிக்கு இறகு வரவில்லை. நாற்பதாவது பிறந்தநாள்தான் வந்தது. பிறகு ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சை கொடுத்தார்கள். அதை உடனே விழுங்காமல், முதலில் பார்த்து, பிறகு முகர்ந்து, அதோடு ஓர் உறவை ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். லோசேலியின் பக்கத்தில் இருந்த சமோவாக்காரி காதோடு சொன்னாள்: "உறவு முடிஞ்சுதுன்னா இதைத் தின்னுடலாமா, இல்ல விவாகரத்துக்கு வேற வகுப்பு வச்சிருக்காங்களா?"

பக்கத்து அறையிலிருந்து ஊழியர்கள் கேக் வெட்டும் சத்தம் வந்தது. யாருக்கோ பிறந்தநாள்.

"உங்க மாதிரி குடும்பங்களுக்கு ஒரு யோசனை" என்றார் பிம், பசிபிக் தீவுப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பி. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறதைக் கொஞ்சம் குறைக்கலாம். நீங்க அதிகமா சாப்பிடறது அங்கதான்னு எங்க ஆய்வு சொல்லுது. பண்பாட்டை மதிச்சுத்தான் சொல்றேன்."

அத்தையிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "பிரார்த்தனையில எத்தனை கலோரியாம்?"

மாதங்கள் ஓடின. லோசேலி நன்றாகவே மெலிந்தாள். நன்றாக என்றால், விதி கேட்ட வேகத்தில். வகுப்பில் சொன்னதைவிடக் குறைவாகவே சாப்பிட்டாள், ஏனென்றால் வகுப்பு சொன்ன கணக்குப்படி போனால் முப்பத்திரண்டைத் தொடுவதற்குள் நாற்பது வந்துவிடும். முடி கொத்தாகக் கொட்டியது. மாதவிலக்கு முதலில் தள்ளிப்போனது, பிறகு வரவேயில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு ‘இன்னும் இல்ல’ கிடைக்குமே என்ற பயம்.

ஒருநாள் விமான நிலையச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது முன்னே போன லாரி இரண்டாகத் தெரிந்தது. எந்த லாரி நிஜம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் பெட்டிகளோடு நிறையப் பேர், ஒரு கைக்குழந்தை. எப்படியோ ஓரம் கட்டினாள். கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. பயணி ஒருத்தி வந்து பையிலிருந்து ஒரு பார்லி மிட்டாயை எடுத்து நீட்டினாள். "வாயில போடும்மா, முகம் வெளுத்துப்போச்சு."

மறுநாள் எடை பார்க்கும் நாள். லோசேலி மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாயில் போடவில்லை. பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. லாரியைவிட அந்த மிட்டாய்க்கு அவள் அதிகமாகப் பயந்திருக்கிறாள்.

மாற்று ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துப் போனார். ஃபிலிமோனே வந்து அவளை அழைத்துப்போனான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "குழந்தை இல்லாம நான் இருந்துடுவேன் லோசே. நீ இல்லாம என்னால ஆகாது."

"நாளைக்கு ஒருநாள்தான். நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்கோ."

மறுநாள் சாயங்காலம் எடைக்கருவி காட்டிய எண் சரியாக இருந்தது. ஃபிலிமோனே அவள் தோளைப் பிடித்தான். நர்ஸ் உயரம் பார்க்கும் சட்டத்தை அவள் தலைமேல் இறக்கினாள். மறுபடியும் இறக்கினாள். கணக்குப் போட்டாள்.

"முப்பத்திரண்டுக்குக் கொஞ்சம் மேல வருது."

"எடை சரியாதானே இருக்கு?"

"எடை சரிதான். நீங்க குட்டையாயிட்டீங்க."

பிம்மைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "நாள் முழுக்க உக்காந்து வேலை பாக்கறவங்க சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர் குறைவாங்க. முதுகெலும்பு அமுங்கும். அறிவியல்."

"அப்ப காலையில வந்து நிக்கறேன்."

"காலையில நாங்க கூட்டத்துல இருப்போம். நோயாளிகளோட காத்திருப்பைக் குறைக்கறது எப்படின்னு பேசற கூட்டம். ரொம்ப நேரம் போகும். அடுத்த அளவைநாள் அடுத்த பருவத்துல, சாயங்காலம்."

லோசேலி செருப்பில் காலை நுழைத்தாள். பட்டை மாட்டும் இடம் விரலுக்கு அகப்படவில்லை. ஃபிலிமோனே குனிந்து மாட்டிவிட்டான்.

அடுத்த அளவைநாளன்று அவள் காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் குட்டையாகிவிடுவாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து படுத்த வாக்கில் அவளுக்குத் தண்ணீர் புகட்டினாள். சாயங்காலம் ஃபிலிமோனே தன் வேலை வண்டியின் பின்பக்கம் மெத்தை விரித்து, சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே அவளை நீட்டிப் படுக்கவைத்தான். "தலையைத் தூக்காதே. சிக்னல்ல நிறுத்தினாலும் தூக்காதே" என்றான்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. லோசேலி தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இப்படிப் படுத்து இப்படி ஒரு வண்டியில் கடைசியாகப் போகிறவர்கள் யார் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்திருந்தவள் சட்டென்று எடுத்துப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள்.

மையத்தின் வாசலில் அவளை ஒரு பலகையோடு இறக்கினார்கள். காவலாளி ஓடிவந்தான். "ஐயோ, இங்க அவசரப் பிரிவு கிடையாது. வேற ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க."

"ஒண்ணும் இல்லப்பா" என்றாள் அத்தை. "என் மருமக. உயரமா இருக்கா, அவ்வளவுதான்."

சட்டத்துக்கடியில் அவளைப் பலகையோடு நிமிர்த்தினார்கள். நர்ஸ் சட்டத்தை இறக்கினாள். எண் முப்பத்திரண்டுக்குக் கீழே ஒரு முடியளவு நின்றது.

பிம் கைதட்டினார். உடனே ஒருவர் கேமராவோடு வந்தார். லோசேலியின் பழைய பேண்ட் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதன் ஒரு கால் பகுதிக்குள் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். "எங்க பிரிவோட பெரிய வெற்றி நீங்கதான்" என்றார் பிம்.

ஆனால் ரெட்ஃபர்ன் அவளைச் சோதித்துப் பார்த்தபோது முகம் மாறிவிட்டது. "எத்தனை மாசமா விலக்கு வரல? ஏன் சொல்லல? உடம்பைப் பட்டினி போட்டா சினைப்பை வேலையை நிறுத்திடும். முதல்ல சாப்பிடுங்க. இன்னிக்கே."

"சாப்பிட்டா எண் ஏறுமே" என்றார் பிம்.

"ஏறட்டும்."

"ஏறினா ஆரம்பிக்க முடியாது. ஏறாம, விலக்கும் வந்து, உடம்பு ஒரு நிலைக்கு வரட்டும். அதுக்கு ஒரு காலம் இருக்கு. நிலைப்புக் காலம்." அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். "அதுக்குள்ள உங்களுக்கு நாப்பது ஆயிடும். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு மறக்காதீங்க லோஸ்லி, நீங்க வெற்றிகரமா தயாராயிட்டீங்க. அதை உங்ககிட்டேயிருந்து யாரும் எடுத்துக்க முடியாது."

லோசேலிக்குக் காது அடைத்தது. விழுந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடிகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தது.

பிம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பிரிவின் ஆண்டுவிழா. அமைச்சர் வருகிறார். லோசேலி மேடையேறித் தன் பயணத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும்.

லோசேலி குழம்பிப்போய்க் கேட்டாள். தந்திரம் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "வரேன் சார். ஆனா அமைச்சர் என்கிட்ட, சிகிச்சை எப்படிப் போயிட்டிருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

பிம் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். இத்தனை மாதங்களாக மேசைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்த பயம் எழுந்து அந்தப் பக்கம் போனது.

"கேப்பாரா?"

"பொதுவா கேக்கற மனுஷர்தான்" என்றார் ரெட்ஃபர்ன், ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு.

மறுநாளே ஒரு விதிவிலக்கு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் ‘பரப்புரை நோக்கிலான முன்கூட்டிய அனுமதி’ என்று பெயர். ரெட்ஃபர்ன் அவளைச் சில வாரங்கள் வயிறாரச் சாப்பிடவைத்தார். அத்தை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. விலக்கு வந்தது. முப்பத்திரண்டும் தாண்டிப் போனது. சிகிச்சை ஆரம்பித்த அன்று லோசேலி எடைக்கருவியிடம் போனாள். அதன்மேல் ‘பழுது’ என்று பலகை தொங்கியது. பிம்மின் கையெழுத்து. ரெட்ஃபர்ன் அதைப் பார்க்காததுபோல் ஊசி மருந்தை எடுத்துக் கொடுத்தார்.

ஆண்டுவிழாவில் பிம் பேசினார். "எங்க பெண்கள் எல்லாரும் சேர்ந்து இழந்த எடை, வளர்ந்த ஒரு திமிங்கலத்தோட எடைக்குச் சமம்" என்றார். கைதட்டல். "காத்திருப்போர் வரிசை பாதியாக் குறைஞ்சிருக்கு. எப்படின்னு கேக்கலாம். தயாராகிட்டிருக்கும்போதே பல பேருக்கு நாப்பது ஆயிடுது. அவங்களுக்கு அப்புறம் சிகிச்சையே தேவைப்படறதில்ல."

அமைச்சர் தலையசைத்தார். "அருமை. எத்தனை குழந்தைங்க பிறந்துது?"

"அதை எண்ணறது வேற பிரிவுங்க."

லோசேலியை மேடைக்கு அழைத்தார்கள். பேண்ட்டின் ஒற்றைக் காலுக்குள் அவள் நிற்கும் படம் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. ஊசி போட்ட வயிறு வீங்கி வலித்தது. அவள் ஒலிவாங்கியைப் பார்த்தாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றாள். அதற்குமேல் எதுவும் வரவில்லை. இறங்கிவிட்டாள். கூச்ச சுபாவம் என்று நினைத்து எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். அமைச்சர் சிகிச்சையைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. அவருக்கு இன்னொரு விழா இருந்தது.

முட்டைகள் சிலதான் கிடைத்தன. கருவாகி நின்றது ஒன்றே ஒன்று. அதை உள்ளே வைத்தார் ரெட்ஃபர்ன். "இது எடையா, வயசா, அதிர்ஷ்டமான்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். அந்த மையத்தில் லோசேலி கேட்ட ஒரே ஆறுதலான பேச்சு அதுதான்.

அது தங்கியது. ஸ்கேன் அறையில் அந்தத் துடிப்பைப் பார்த்தபோதுகூட அவள் சிரிக்கவில்லை. நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு காலையும் எழுந்து முதலில் உள்ளாடையைப் பார்த்தாள். பேருந்தில் ஸ்பீட் பிரேக்கர்களை நத்தைபோல் ஏறி இறங்கினாள். பயணிகள் முணுமுணுத்தார்கள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் முணுமுணுப்பு நின்றது.

ஏழாம் மாதம் ஒரு மத்தியானம் தொலைபேசி வந்தது. மையத்தின் தயார்நிலைப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் குரல்.

"வெற்றியாளர்களைத் தொடர்ந்து கவனிக்கறது எங்க வழக்கம். இப்ப உங்க எடை என்னங்க?"

லோசேலி சொன்னாள்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு வருத்தமான குரல். "ரொம்பவே ஏறிடுச்சே."

"நான் ஏழு மாசம்மா. வயித்துல குழந்தை இருக்கு."

"அப்படிங்களா. அதைப் போடறதுக்கு இங்க இடம் இல்லையே. ‘குறைஞ்சிருக்கு’, ‘அப்படியே இருக்கு’, ‘பழைய நிலைக்குத் திரும்பிட்டாங்க’ன்னு மூணுதான் இருக்கு. நான் மூணாவதைப் போட்டுக்கறேன். வரவேற்பறையில இருக்கற உங்க படத்தையும் எடுத்துடுவோம், தப்பா நினைக்காதீங்க. சோர்ந்துபோகாம மறுபடியும் முயற்சி பண்ணுங்க. வகுப்புல இடம் இருக்கு."

லோசேலி தொலைபேசியை வைத்தாள். உதடு துடித்தது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பிறகு அடக்கமுடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஃபிலிமோனே பாய்ந்து வந்தான். அவளோ முகமெல்லாம் தண்ணீராகக் குனிந்து கிடந்தாள்.

"என்னாச்சு? லோசே, என்னாச்சு?"

"ஃபெயில்" என்றாள் அவள், மூச்சு வாங்க. "ஃபெயிலாயிட்டேனாம்."

அதற்குமேல் அவன் எதையும் கேட்கவில்லை. வெறுங்காலோடு வெளியே ஓடினான். வண்டி உறுமும் சத்தம் கேட்டது. அத்தை தலையணையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினாள்.

லோசேலி சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து வாசலுக்குப் போனாள். அவர்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபிலிமோனேயின் முகம் சிமென்ட் நிறத்தில் இருந்தது.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "நல்லா இருக்கு. இப்பதான் உதைச்சுது. எடை ஏறிடுச்சுன்னு போன் பண்ணாங்க, அவ்வளவுதான்."

அத்தை தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபிலிமோனே ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்தான். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

"வண்டியை அணைச்சுட்டு வா. சோறு ஆறுது."

"வரேன்" என்றான். ஆனால் அணைக்கவில்லை. "கொஞ்ச நேரம் ஓடிட்டிருக்கட்டும்."

அவள் சுற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே சரியாக இழுத்து மாட்டிக்கொண்டாள். எங்கேயும் போகாமல் இருவரும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.